டெய்லராக இருந்தவர் லைன் சூப்பர்வைசர் ஆனால்: முதல் நான்கு வாரங்களுக்கான வழிகாட்டி

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சூப்பர்வைசர் ஆவதற்குப் பெரும்பாலும் தனிப் படிப்பு ஏதும் கேட்பதில்லை. ஓவர்லாக்கில் (துணி விளிம்பை வெட்டிக்கொண்டே தைக்கும் மெஷினில்) கை வேகமாக ஓடுகிறது, லீவு போடுவதில்லை, கணக்கு எழுதத் தெரியும் என்றால் ஒரு திங்கட்கிழமை காலையில் கையில் நோட்டைக் கொடுத்து "இனிமேல் இந்த லைனை நீங்க பாத்துக்குங்க" என்று சொல்லிவிடுவார்கள். நேற்றுவரை பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருந்த பதினெட்டுப் பேர் இன்று உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள்.

முதல் வாரத்தில் ஏறக்குறைய எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. எங்காவது பீஸ் தேங்கினால் தானே மெஷினில் உட்கார்ந்து தைத்துவிடுவது. அந்த அரைமணி நேரம் ஓர் ஓவர்லாக் டெய்லர் கூடுதலாகக் கிடைக்கிறார், லைனுக்குச் சூப்பர்வைசர் இல்லாமல் போகிறார். பின்னால் பேட்லாக்கில் (மடிப்பு அடிக்கும் ஃபிளாட்லாக் மெஷினில்) நூல் மாறியதையோ, சைடு அடிக்கும் இடத்தில் இரண்டு சைஸ் பண்டில் (வெட்டிய துணிக் கட்டு) கலந்ததையோ பார்க்க ஆளில்லை. உங்கள் கை இனிமேல் அடுத்தவர் கை வழியாகத்தான் தைக்க வேண்டும். ஆகவே இந்த வேலையில் முதலில் தேவைப்படுவது சொல்லிக்கொடுக்கும் திறமை. அதட்டல், கணக்கு, மேலிடத்துப் பேச்சு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதல் இரண்டு நாள்: யாருக்கு என்ன தெரியும்

ஒரு பெரிய தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் ஆட்களின் பெயர், மேல்வரிசையில் ஸ்டைலின் (தைக்கும் மாடலின்) ஆபரேஷன்கள். வட்டக் கழுத்து டி-ஷர்ட் என்றால் ஷோல்டர் ஜாயின்ட், ரிப் (கழுத்துப்பட்டைத் துணி) மூட்டுதல், கழுத்தில் ரிப் ஏற்றுதல், பின்கழுத்து டேப், கழுத்து டாப் ஸ்டிட்ச், கை மடிப்பு, கை ஏற்றுதல், கேர் லேபிள் வைத்துச் சைடு அடித்தல், பாட்டம் மடிப்பு. இந்த வரிசை கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். உங்கள் சாம்பிள் பீஸை வைத்தே எழுதுங்கள்.

ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வட்டம் போட்டு, கால் வட்டம் நிரப்பினால் "கற்கிறார்", அரை வட்டம் என்றால் "செய்வார், கூட நின்று பார்க்க வேண்டும்", முக்கால் என்றால் "தரமும் எண்ணிக்கையும் தானே தருவார்", முழு வட்டம் என்றால் "அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பார்". ஆட்களிடம் கேட்டு நிரப்பாதீர்கள். கேட்டால் தெரிந்தவர் கூச்சத்தில் குறைத்துச் சொல்வார், தெரியாதவர் பயத்தில் கூட்டிச் சொல்வார். ஐந்து பீஸ் தைக்கவிட்டுப் பார்த்து நிரப்புங்கள்.

நிரப்பியதும் தாளை மேலிருந்து கீழாகப் படியுங்கள். எந்த ஆபரேஷனில் முக்கால் வட்டத்துக்கு மேல் ஒரே ஒருவர்தான் இருக்கிறாரோ, அவர் லீவு போடும் நாளில் லைன் நிற்கும். அங்கேதான் அடுத்த ஆளைப் பழக்கத் தொடங்க வேண்டும். தாளின் ஓரத்தில் ஊர்த் திருவிழாக்களையும் குறித்து வையுங்கள். பொங்கல், தீபாவளி எல்லோருக்கும் தெரியும். தீபாவளிக்கு ஊர் போகும் பீகார்க்காரர்கள் அதிலிருந்து ஆறாம் நாள் வரும் சட் பூஜையை முடிக்காமல் ரயில் ஏற மாட்டார்கள். ஒடிசாக்காரர்களுக்கு ஜூன் நடுவில் ரஜ பண்டிகை. இதெல்லாம் தெரியாமல் ஷிப்மென்ட் தேதிக்கு ஒப்புக்கொண்டுவிட்டு, ஆள் வரவில்லை என்று பிறகு புலம்புவதில் பயனில்லை.

சொல்லிக்கொடுக்கும் முறை

1940இல் அமெரிக்காவில் 'டிரெயினிங் விதின் இண்டஸ்ட்ரி' என்றொரு அரசுத் திட்டம் தொடங்கியது. அனுபவப்பட்டவர்கள் ராணுவத்துக்குப் போக, தொழிற்சாலையையே பார்த்திராத பெண்களும் இளைஞர்களும் மெஷின் முன் வந்து நின்ற காலம். புதியவர்களை விரைவாகப் பழக்க வேண்டும். அதற்குச் சூப்பர்வைசர்களுக்கு வேலையைச் சொல்லிக்கொடுத்தல், ஆட்களை நடத்துதல், செய்முறையை மேம்படுத்துதல் என மூன்று பயிற்சிகள் வகுத்தார்கள். ஒவ்வொன்றும் பத்து மணி நேரம். இரண்டு இரண்டு மணியாக ஐந்து அமர்வு. போர் முடிந்ததும் 1945இல் அங்கே திட்டத்தை மூடிவிட்டார்கள். ஆனால் அது ஜப்பானுக்குப் போய் வேர்விட்டது. டொயோட்டா ஆட்களைப் பழக்கும் முறைக்கு அடித்தளமும் அதுதான். பனியன் லைனுக்கும் அப்படியே பொருந்தும்.

அந்தப் பயிற்சியில் மின்வயரில் போடும் ஒரு முடிச்சை வைத்து ஒரு சோதனை காட்டுவார்கள். முடிச்சு போடும் விதத்தை வாயால் மட்டும் சொன்னால், கேட்டவரால் போட முடியாது. பேசாமல் செய்து மட்டும் காட்டினாலும் முடியாது. நம் ஊரில் வழக்கமாக நடப்பது இரண்டாவது: "அக்கா பக்கத்துல உக்காந்து பாத்துக் கத்துக்க". பழகிய கை ஓடும் வேகத்தில் புதியவர் கண்ணுக்குத் துணி நகர்வது தெரியும். விரல் எங்கே இழுக்கிறது, எங்கே விடுகிறது என்பது தெரியாது.

அதனால் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் வேலையை உடைத்து ஒரு தாளில் எழுத வேண்டும். மூன்று பத்தி: என்ன செய்ய வேண்டும், அதில் எதைக் கவனிக்க வேண்டும், ஏன். கழுத்தில் ரிப் ஏற்றும் வேலைக்கு அந்தத் தாள் இப்படி வரும்:

1. ரிப்பையும் கழுத்தையும் பொருத்து. கவனம்: இரண்டையும் நான்கு பாகமாக்கிப் புள்ளி சேர், ரிப் மூட்டு சாம்பிளில் உள்ள இடத்திலேயே வரட்டும். ஏன்: ரிப் கழுத்தைவிடச் சிறியது, நாலு பக்கமும் ஒரே அளவு இழுபட வேண்டும், மூட்டு முன்பக்கம் தெரிந்தால் பீஸ் ரிஜெக்ட்.
2. ஊசியடியில் வை. கவனம்: ரிப் மேலே, உடல் கீழே, விளிம்பு ஒன்றாக. ஏன்: இழுக்க வேண்டியது ரிப்பை மட்டும்தான், அது கைக்கு எட்டும் பக்கம் இருக்கட்டும்.
3. கால் கால் பாகமாகச் சுற்றித் தை. கவனம்: உடல் துணியை இழுக்காதே; கத்தி பிசிரை மட்டும் வெட்டட்டும். ஏன்: உடல் இழுபட்டால் கழுத்து அலையடிக்கும், கத்தி ஆழமாக வெட்டினால் கழுத்தளவு பெரிதாகும்.
4. தொடங்கிய இடத்தின் மேல் ஏற்றி முடி. கவனம்: ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். ஏன்: குறைந்தால் போட்டதும் பிரியும், கூடினால் அங்கே கட்டி விழுந்து டாப் ஸ்டிட்ச் ஊசி உடையும்.

நான்கு படிதான். எழுத உட்கார்ந்தால் பதினைந்து படி வரும். "பெடலை மிதி", "துணியை எடு" எல்லாம் எழுதாதீர்கள். வேலை முன்னேறும் இடங்கள் மட்டும் படி. பீஸ் வீணாகும் இடம், கை அடிபடும் இடம், விரலின் சூட்சுமம் ஆகியவை கவனப் பத்தியில். இந்தத் தாள் சொல்லிக்கொடுப்பவருக்கு. கற்பவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டியதில்லை. நன்றாகத் தைப்பவரின் அருகில் அரைமணி நேரம் நின்று, அவரையே கேட்டுக் கேட்டு எழுதுங்கள். "ஏங்க்கா இங்க மட்டும் கையை மெதுவா விடறீங்க?" என்று கேட்டால்தான் அவருக்கே தெரியாமல் செய்துகொண்டிருந்த விஷயம் வெளியே வரும்.

இனி ஆளைப் பழக்கலாம். முதலில் ஒரு நிமிடம் இயல்பாகப் பேசி, முன்பு எங்கே, எந்த மெஷினில் வேலை பார்த்தார் என்று கேளுங்கள். எதிரே நிற்க வைக்காதீர்கள். எதிரிலிருந்து பார்த்தால் உங்கள் வலக்கை அவருக்கு இடப்பக்கம் தெரியும். பக்கத்தில் ஒரே திசை பார்த்து உட்கார வையுங்கள். வெட்டு வேஸ்ட் துணியில், துணிக்கு மாறான நிற நூலைக் கோத்து மூன்று முறை செய்து காட்டுங்கள். முதல் முறை படிகளை மட்டும் சொல்லி, இரண்டாம் முறை படிகளோடு கவனிக்க வேண்டியதை, மூன்றாம் முறை காரணத்தையும் சேர்த்து. ஒரே முறையில் எல்லாவற்றையும் கொட்டினால் முதல் படிகூட மனதில் நிற்காது.

பிறகு அவர் செய்யட்டும். முதல் முறை பேசாமல் செய்வார். தப்பு வந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள், தப்பாகப் பழகிய கையை மாற்றுவது புதிதாகப் பழக்குவதைவிடக் கடினம். இரண்டாம் முறை படிகளை அவரே சொல்லிக்கொண்டு செய்ய வேண்டும், மூன்றாம் முறை கவனிக்க வேண்டியதை, நான்காம் முறை காரணத்தை. "புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். புதிய இடத்தில், புதிய ஆட்கள் நடுவில், எல்லோரும் "புரிஞ்சுதுங்க" என்றுதான் சொல்வார்கள். காரணத்தை அவர் வாயால் சொல்லும்போதுதான் புரிந்ததா என்று உங்களுக்குத் தெரியும்.

தமிழ் தெரியாதவருக்கு? தாளின் பக்கத்தில் பீஸ்களைக் குத்தி வையுங்கள்: சரியான கழுத்து ஒன்று, அலையடித்தது ஒன்று, மூட்டு முன்னால் வந்தது ஒன்று, ஏற்றம் குறைந்து பிரிந்தது ஒன்று. விரலால் தொட்டுப் பார்க்கும் துணிக்கு மொழி வேண்டாம். அதே மொழி பேசும் பழைய ஆள் ஒருவர் லைனில் இருந்தால், முதல் மூன்று நாள் அவரிடம் கேட்கச் சொல்லுங்கள். ஆனால் அவரது எண்ணிக்கை அந்த மூன்று நாள் குறையும் என்பதை முன்கூட்டியே மேனேஜரிடம் சொல்லி வையுங்கள். பீஸ் கணக்கில் கூலி வாங்கும் பீஸ் ரேட் ஆளாக இருந்தால் அந்த நேரத்துக்கு என்ன சம்பளம் என்பதையும் பேசி முடியுங்கள். தன் கூலியை இழந்து அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பவர் யாரும் இல்லை, இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

பழக்குவதில் கடைசிக் கட்டம் விட்டுப்பிடிப்பது. சந்தேகம் வந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்று பெயர் சொல்லிக் காட்டுங்கள். முதல் பத்து பீஸ் முடிந்ததும் பாருங்கள், பிறகு மணிக்கு ஒருமுறை, மறுநாள் காலையும் மாலையும். தொடர்ந்து பத்து பீஸ் சரியாக வரும்வரை எண்ணிக்கை பற்றிப் பேச்சே வேண்டாம். அதன் பிறகு வேகத்தைக் கேட்கலாம். ஸ்டைல் ஷீட்டில் ஓர் ஆபரேஷனுக்கு 0.5 நிமிடம் என்றிருந்தால் மணிக்கு 120 பீஸ் முழு வேகம். புதியவர் முதல் வாரக் கடைசியில் 50, 60 கொடுத்தால் போதும். லைனுக்கு மணிக்கு 90 தேவையென்றால் மீதிக்கு அனுபவப்பட்ட ஒருவரைச் சேர்த்துப் போடுங்கள். புதியவரைத் தனியாக விட்டால் அவர் முன்னால் பண்டில் மலையாகக் குவியும், பின்னால் இருப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்ப்பார்கள். அந்தப் பார்வை தாங்காமல் மறுநாள் வராமல் போகிறவர்கள் நிறைய.

பீஸ் கெட்டால் முதலில் மெஷினைப் பாருங்கள்

ஆல்டர் (திருத்தத் திரும்பி வரும் பீஸ்) வந்ததும் ஆளைத் திட்டுவது எளிது. பாதி நேரம் காரணம் வேறாக இருக்கும். தையல் விட்டு விட்டு விழுந்தால், ஊசி வளைந்திருக்கலாம், முழுதாக ஏறாமல் திரும்பியிருக்கலாம். சிங்கிள் ஜெர்சி பனியன் துணியில் தையலோரம் பொடி ஓட்டை விழுந்தால் ஊசிமுனை மழுங்கியிருக்கலாம், அல்லது நெசவுத் துணிக்கான கூர்முனை ஊசியைப் போட்டிருக்கலாம். பின்னல் துணிக்கு உருண்டைமுனை ஊசி, மெல்லிய ஜெர்சிக்குப் பொதுவாக 75/11 நம்பர். இந்த ஓட்டை மேசையில் விரித்துப் பார்த்தால் தெரியாது, துவைத்த பிறகுதான் ஓடும். தையலைக் குறுக்கே இழுத்துப் பிடித்துப் பாருங்கள். ஒரே சட்டையில் கை ஒரு ஷேடு, உடல் ஒரு ஷேடு என்றால் பண்டில் நம்பர் கலந்திருக்கிறது. நான்கு பேர் கழுத்தும் ஒரே நாளில் கெட்டால் கட்டிங்கில் கேளுங்கள்.

ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து ரிஜிஸ்டரில் ஒட்டிய பிறகே புது ஊசி. துண்டு கிடைக்கவில்லை என்றால் அந்தப் பண்டிலை ஒதுக்கி ஊசி டிடெக்டருக்கு அனுப்புங்கள். உடைந்ததைச் சொன்னவரைத் திட்டினால் அடுத்த முறை யாரும் சொல்ல மாட்டார்கள், துண்டு ஏதோ ஒரு குழந்தையின் சட்டைக்குள் போய்விடும்.

காலை ஐந்து நிமிடமும் மணிக்கணக்குப் போர்டும்

ஷிஃப்ட் தொடங்குமுன் லைன் தலைப்பில் எல்லோரையும் ஐந்து நிமிடம் நிற்க வையுங்கள். இன்று என்ன ஸ்டைல், எத்தனை பீஸ். நேற்று அதிகம் வந்த ஒரு குறை, கெட்ட பீஸைக் கையில் காட்டி, தைத்தவர் பெயர் சொல்லாமல். இன்று ஏதாவது மாற்றம் உண்டா. யாராவது நேற்று நன்றாகச் செய்ததில் ஒன்று. "எல்லாரும் நல்லா செஞ்சீங்க" என்பது காற்றில் போய்விடும். "செல்வியக்கா நேத்து லேபிள்ல சைஸ் மாறுனதைப் பாத்து நிறுத்துனாங்க, நாற்பது பீஸ் தப்பிச்சுது" என்றால் அந்த அக்காவுக்கு மட்டுமல்ல, கேட்கிற எல்லோருக்கும் எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிகிறது. ஐந்து நிமிடம் ஆறாகக் கூடாது. பீஸ் ரேட் ஆட்களுக்கு நின்றுகொண்டிருக்கும் நேரம் காசு.

போர்டில் மணிக்கு மணி எண்ணிக்கை எழுதுவது எல்லா இடத்திலும் உண்டு. பக்கத்தில் ஒரு கட்டம் கூடப் போட்டுக் காரணத்தையும் எழுதுங்கள்: "10–11: 90க்கு 66. பேட்லாக் நூல் அறுத்தது, மெக்கானிக் வர 14 நிமிடம்." எண்ணை மட்டும் எழுதினால் போர்டு லைனை அடிக்கும் குச்சி. காரணத்தோடு எழுதினால் அதே போர்டைக் காட்டி மெக்கானிக்கிடமும் ஸ்டோரிலும் நியாயம் கேட்கலாம். ஆட்கள் அதைக் கவனிப்பார்கள். நமக்காக இவர் போய்ப் பேசுகிறார் என்று தெரிந்தால்தான் அடுத்த முறை நூல் அறுக்கும்போது முதல் நிமிடத்திலேயே உங்களைக் கூப்பிடுவார்கள்.

மேனேஜர் எஃபிசியன்சி கேட்பார். கணக்கு எளிது: வெளிவந்த பீஸை ஒரு பீஸுக்கான நிமிடத்தால் பெருக்கி, ஆட்கள் வேலை செய்த மொத்த நிமிடத்தால் வகுக்க வேண்டும். 18 பேர் 480 நிமிடம் என்றால் 8,640. ஆறு நிமிட டி-ஷர்ட் 720 வந்தால் 4,320. ஆக 50 சதவீதம். புதியவர்கள் இரண்டு பேர் இருக்கும் வாரத்தில் இந்த எண் இறங்கும். அதை மறைக்காமல் வட்டத் தாளோடு காட்டுங்கள்.

ஆட்களோடு

நேற்றுவரை "அக்கா" என்று கூப்பிட்டவரை இன்றும் அக்கா என்றே கூப்பிடுங்கள். பதவி வந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்குவது ஒரு நாளில் லைன் முழுக்கப் பேச்சாகிவிடும். வயதில் சிறியவர்களிடமும் வாங்க, போங்க என்றால் குறைந்துபோவது ஒன்றுமில்லை. பழைய கூட்டாளி ஒருவரோடு மட்டும் தினம் டீ குடிக்கப் போகாதீர்கள். நல்ல பண்டில் அவருக்குத்தான் போகிறது என்று மற்றவர்கள் முடிவு செய்துவிடுவார்கள், போகாவிட்டாலும்.

மாற்றத்தை முன்கூட்டியே சொல்லுங்கள். மனக்கசப்பு அதிகம் வருவது வேலையால் அல்ல, மாலை ஐந்து மணிக்கு "இன்னைக்கு ஒன்றரை ஷிஃப்ட்" என்று சொல்வதால். பள்ளிவிட்டு வரும் பிள்ளை, கம்பெனி வேன், ஹாஸ்டல் சாப்பாடு எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் குலையும். மதியச் சாப்பாட்டுக்கு முன் சொல்லிவிடுங்கள், முடியாதவர்களைக் கேட்டுப் பட்டியல் எடுங்கள். வாரம் 48 மணிக்கு மேல் போனால் அந்த நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்பது சட்டம். அதைப் பற்றி யாராவது கேட்டால் மழுப்பாமல் பதில் தெரிந்து வைத்திருங்கள்.

மணிக்கு 80 பீஸ் கொடுத்தவர் ஒரு வாரமாக 55 கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். லைன் நடுவில் நின்று "ஏன் கம்மி?" என்று கேட்டால் "மெஷின் சரியில்லை" என்றுதான் பதில் வரும். முதலில் மூன்று நாள் கணக்கையும் அவருக்குப் போன பண்டிலையும் மெஷினையும் பாருங்கள். பிறகு டீ நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், பதிலை இடையில் வெட்டாதீர்கள். பலமுறை காரணம் சம்பளச் சீட்டில் இருக்கும்: பண்டில் டிக்கெட் (தைத்த பண்டிலைக் கூலிக் கணக்கில் சேர்க்கும் சீட்டு) இரண்டு விட்டுப்போயிருக்கும், புது ஸ்டைலுக்கு ரேட் பேசாமலே வேலை ஓடியிருக்கும். உங்கள் கையில் இருப்பதை அன்றே சரிசெய்யுங்கள். இல்லாததை நோட்டில் எழுதி, எந்த நாளில் பதில் சொல்வேன் என்று சொல்லுங்கள். அந்த நாளில் பதில் "முடியாதாம்" என்றாலும் போய்ச் சொல்லுங்கள். "கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லி மறந்துபோவதுதான் முடியாது என்பதைவிட மோசம். ஒரு வாரம் கழித்து எண்ணிக்கை திரும்பியதா என்றும் பாருங்கள்.

பாலியல் தொந்தரவு பற்றிய புகார் வந்தால் இந்த முறையெல்லாம் பொருந்தாது. இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சமாதானம் பேசும் வேலை உங்களுடையது அல்ல. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரும் அதற்கு மேலும் உள்ள இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். பொதுவாக மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். குழுவில் யார் யார், அவர்களை எப்படிப் பார்ப்பது என்று முதல் வாரமே தெரிந்துகொண்டு, வந்தவரை அங்கே கொண்டுசேருங்கள். கேட்டதை வேறு யாரிடமும் பேசாதீர்கள்.

பண்டிலை வலப்பக்கம் வைத்தால் கை திரும்ப வேண்டியிருக்கிறது, இடப்பக்கம் ஸ்டாண்டு போடலாமா என்று ஒரு டெய்லர் கேட்டால், அன்றைக்கே பத்து பீஸ் அப்படித் தைக்கவிட்டு நேரம் பாருங்கள். வேகம் கூடினால் நிலைக்கட்டும். கூடாவிட்டால் அவரே சொல்லிவிடுவார். யோசனைப் பெட்டி வைத்துப் பூட்டுப் போடுவதைவிட இது மலிவு.

நான்காம் வாரக் கடைசியில் வட்டத் தாளைப் புதிதாக நிரப்புங்கள். குறைந்தது இரண்டு ஆபரேஷனிலாவது இரண்டாவது ஆள் முக்கால் வட்டத்துக்கு வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் ஒரு நாள் லீவு போடுங்கள், போனில் கூப்பிட்டுக் கேட்காமல். திரும்பி வந்ததும் போர்டில் எண்ணிக்கையைப் பார்க்கும் முன், பக்கத்துக் காரணக் கட்டத்தை யாராவது நிரப்பியிருக்கிறார்களா என்று பாருங்கள்.